யார் யாரைப் பிடிப்பது? – முறிந்த டி.என்.ஏ-வும் அதைச் சரிசெய்யும் புரதங்களும்



தமிழ் படித்தவர்களுக்கு மேலகரம் என்றாலே திரிகூடராசப்பக் கவிராயர்தான். குறவஞ்சி பாடிய புலவர் ஊரில் நின்றுகொண்டு புரதங்களைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அழைப்பிதழைப் பார்த்த நண்பர், "சீசனில் குற்றாலம் போகிறவன் குளிக்கப் போவான், நீர் உயிர்வேதியியல் பேசப் போகிறீரே" என்றார். இரண்டையும் செய்யலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

பேசும் பொருள், டி.என்.ஏ. பழுதும் புரதங்களின் உறவும். நான் சொல்ல வந்த செய்தி அதிலும் சிறியது. டி.என்.ஏ-வைச் சரிசெய்யும் புரதங்களில் பெரும்பாலானவை நம் செல்களில் எந்நேரமும் இருப்பவை. புதிதாக எங்கிருந்தும் வரவேண்டியதில்லை. ஆனால் அவற்றில் எது எதைப் பிடிக்கிறது, எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதைப் பொறுத்தே பழுது சரியாவதும் கெடுவதும். அந்தப் பிடியைத்தான் இன்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கப் போகிறோம்.

முதலில் மலைக்கு அந்தப் பக்கம் போவோம். தென்காசியில் கொல்லம் ரயில் ஏறினால் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாக அரபிக் கடற்கரைக்குப் போய்ச் சேரலாம். 1904-இல் மலையைக் குடைந்து போட்ட பாதை. 2018-இல் அகலப் பாதையாக முழுவதும் திறந்தது. கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரா, சவரா, கருநாகப்பள்ளி என்று போகும் கரையில் மணல் பல இடங்களில் கறுத்துக் கிடக்கும். மலைப் பாறைகள் காலங்காலமாகக் கரைந்து, மேற்கே இறங்கும் ஆறுகளோடு போய்க் கடலோரம் ஒதுங்கிய கனிமங்கள் அவை. அவற்றில் ஒன்று மோனசைட். அதற்குள் தோரியம் இருக்கிறது. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் இதே மணல்தான். இது வெளியுலகுக்குத் தெரிந்த கதை வேடிக்கையானது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்து, 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்தக் கனிமத்தைக் கண்டுகொண்டார்.

பூமியில் ஒரு மனிதருக்கு இயற்கையாகக் கிடைக்கும் கதிர்வீச்சு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். கருநாகப்பள்ளிக் கரையில் சில இடங்களில் வீட்டுக்கு வெளியே அளந்தால் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை போகிறது. காமாக் கதிரைப் பொறுத்தவரை இரண்டு அலகும் ஏறத்தாழச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கயிறு திரிக்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அந்தப் பகுதியில் 30 முதல் 84 வயது வரையுள்ள ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டது. அத்தனை பேரில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஆனால் கதிர் அளவு கூடக் கூட நோயும் கூடியதாகத் தெரியவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் கொல்லத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது. அங்குள்ளவர்கள் இந்தக் கரை மக்களின் வெள்ளை அணுக்களில் டி.என்.ஏ. முறிவுகளை எண்ணினார்கள். கதிர் அதிகமுள்ள இடத்தவரிடம் முறிவு கூடுதலாக இருக்கவேண்டும் அல்லவா? 2016-இல் வெளியான கட்டுரையின்படி, அவர்களிடம் குறைவாகவே இருந்தது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் கதிரியக்கம் உடம்புக்கு நல்லது" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வுகளில் அப்படிச் சொல்ல இடமில்லை. எழுபதாயிரம் பேர் பெரிய தொகைதான். ஆனாலும் சிறிய அளவு அபாயம் கூடியிருந்தால் அதைப் பிரித்துக் காட்ட அந்தத் தொகை பத்தாமல் போகலாம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: அடி விழுகிறது, அடிக்கு ஈடுகொடுத்து வேலையும் நடக்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

கதிரே படாதவர் உடம்பிலும் டி.என்.ஏ. தினமும் கெடுகிறது. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரே போதும், அதன் எழுத்துகளை உதிர்க்க. ஒரு செல்லில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் எழுத்துகள் வரை இப்படி உதிரும் என்பது கணக்கு. டி.என்.ஏ. கல்வெட்டுப் போல் நிலையானது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில் இதைக் கணக்கிட்டு, அப்படியென்றால் சரிசெய்யும் நொதி ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று தேடிக் கண்டவர் ஸ்வீடன்காரர் தாமஸ் லிண்டால். 2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை அவரும் பால் மோட்ரிச்சும் அஜீஸ் சன்ஜாரும் பகிர்ந்துகொண்டார்கள்.

எழுத்து உதிர்வது சில்லறைச் சேதம். எதிரிழை அப்படியே இருப்பதால் அதைப் பார்த்து நிரப்பிவிடலாம். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுவதுதான் பெருஞ்சேதம். பார்த்து எழுத எதிரிழை இருக்காது. அறுந்த முனைகள் வேறு குரோமோசோமின் முனையோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நம் ஏ.டி. நடராஜனும் ஜெர்மனியின் குந்தர் ஓபேயும் 1978-இல் காட்டியது இதைத்தான்: கதிர் பட்ட செல்களில் குரோமோசோம்கள் உருக்குலைவதற்கு இந்த ஈரிழை முறிவே காரணம். கதிரே படாத செல்லில்கூட நாளுக்குப் பத்து முதல் ஐம்பது முறிவுகள் நேர்வதாக மதிப்பிடுகிறார்கள்.

முறிவு நேர்ந்த சில நிமிடங்களுக்குள் என்ன நடக்கிறது? எம்.ஆர்.என். என்ற மூன்று புரதக் கூட்டு முனையைப் பிடிக்கிறது. அது ஏ.டி.எம். என்ற நொதியை அழைத்துக்கொள்கிறது. (பிள்ளைகள் சிரிப்பது தெரிகிறது. பணம் தரும் இயந்திரம் வேறு, இது வேறு.) டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் எச்-2-ஏ-எக்ஸ் என்றொரு வகை உண்டு. அதன் வால் பகுதியில் ஏ.டி.எம். ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த பாஸ்பேட் இருந்தால்தான் எம்.டி.சி-1 என்ற அடுத்த புரதம் வந்து உட்காரும். அது உட்கார்ந்தால் மேலும் ஏ.டி.எம். வந்து சேரும், பாஸ்பேட் அக்கம்பக்கத்துக்குப் பரவும். இப்படி முறிவின் இருபுறமும் பத்து லட்சம் எழுத்துகள் அளவுக்குக்கூட இந்த அடையாளம் படர்ந்துவிடும். நுண்ணோக்கியில் ஒவ்வொரு முறிவும் ஒரு ஒளிப்புள்ளியாகத் தெரியும் அளவுக்குப் பெரிது. கொல்லத்தில் எண்ணினார்கள் என்றேனே, எண்ணியது இந்தப் புள்ளிகளைத்தான்.

அடையாளம் போட்டாயிற்று. இனி வழி இரண்டு.

ஒன்று அவசர வழி. கு என்ற வளையப் புரதம் இரண்டு முனைகளிலும் மாட்டிக்கொள்ளும். அதைத் தேடி வேறு சில புரதங்கள் வரும். கடைசியில் லிகேஸ்-4 இரண்டு முனைகளையும் ஒட்டிவிடும். வேகமான வேலை. ஒட்டும் இடத்தில் நாலைந்து எழுத்து போனாலும் போகலாம். நம் டி.என்.ஏ-வில் பெரும்பகுதி புரதத்துக்கான செய்தி இல்லாத பகுதி என்பதால், அந்த இழப்பைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பிரதி பார்த்து எழுதும் வழி. செல் பிரிவதற்கு முன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. நகல் பக்கத்திலேயே இருக்கும்போது முறிவு நேர்ந்தால், அதைப் பார்த்து ஓர் எழுத்தும் பிசகாமல் நிரப்பலாம். ஆனால் நகல் எடுக்கும் முன்பே இந்த வழியில் இறங்கினால் விபரீதம். எதைப் பார்த்து எழுதுவது? ஆகவே நகல் இருக்கிறதா, இல்லையா என்று செல்லுக்குத் தெரிந்தாகவேண்டும். எப்படித் தெரிகிறது என்பதை இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக நான் வைப்பேன். பழைய ஹிஸ்டோன்களில் எச்-4 என்ற வகையின் இருபதாவது அமினோ அமிலத்தில் மெத்தில் குறிகள் இருக்கும். நகல் எடுக்கும்போது புதிதாகச் சேரும் ஹிஸ்டோன்களில் அந்தக் குறி இன்னும் ஏறியிருக்காது. 53-பி.பி-1 என்ற புரதம் குறியுள்ள ஹிஸ்டோனைப் பிடித்து, முனையின் ஓர் இழையைச் சீவி மற்றதை ஒற்றையாக விடாமல் காத்து, அவசர வழிக்குத் தள்ளும். பி.ஆர்.சி.ஏ-1 என்ற புரதத்தின் இணையான பார்டு-1 குறியில்லாத ஹிஸ்டோனைப் பிடிக்கும். அது பிடித்துவிட்டால் வேலை பிரதி பார்த்து எழுதும் பக்கம் சாயும். இது 2019-இல் தெளிவானது. ஒரு சிறு மெத்தில் குறியைப் பார்த்து இரண்டு புரதங்களில் எது உட்காருவது என்று தீர்மானமாகிறது. அதிலிருந்து எந்த வழி என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

இனி, இன்றைய பேச்சின் நடுப்பகுதி. நம் தமிழ்நாட்டோடு ஒரு தொடர்பு உள்ள பகுதியும்கூட. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்த அசோக் வெங்கிடராமன் பின்னர் லண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜில் புற்றுநோய் ஆய்வுப் பேராசிரியராகி, அங்கு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் புற்றுநோய்ப் பிரிவுக்கு இயக்குநராகவும் இருந்தார். பெங்களூரில் மருந்தாய்வு மையம் ஒன்றை அமைப்பதிலும் அவருக்குப் பங்குண்டு. அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் புரதம் பி.ஆர்.சி.ஏ-2.

பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வரும் குடும்பங்களை ஆராய்ந்து 1994-இல் இந்தப் புரதத்துக்கான மரபணு 13-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு மரபணுவே கைக்கு வந்தது. 3,418 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். அது என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1997-இல் ஷ்யாம் ஷரணும் ஆலன் பிராட்லியும் மற்றவர்களும் எலிகளில் செய்த ஆய்வில் துப்புக் கிடைத்தது: பி.ஆர்.சி.ஏ-2, ராட்-51 என்ற இன்னொரு புரதத்தைப் பிடிக்கிறது. பி.ஆர்.சி.ஏ-2 இல்லாத எலிக் கரு கதிரைத் தாங்குவதில்லை, பிறப்பதுமில்லை. மறுவருடமே வெங்கிடராமன் குழு, பி.ஆர்.சி.ஏ-2 குறைபட்ட எலிச் செல்களில் குரோமோசோம்கள் தாமாகவே உடைந்து குலைவதைக் காட்டியது.

ராட்-51 சிறிய புரதம். 339 அமினோ அமிலம். தனியாக ஒன்று நின்றால் எந்தப் பயனும் இல்லை. நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி, சீவிவிட்ட முனையின் ஒற்றை இழை மீது சுருளாக ஏறினால்தான், அந்த இழை நகலுக்குள் நுழைந்து தனக்குப் பொருந்தும் இடத்தைத் தேடிப் பிடிக்கும். அந்த வரிசை எப்படி அமைகிறது? பிள்ளைகள் ரயில் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் நிற்பவன் சட்டையைப் பின்னால் வருபவன் பிடித்துக்கொள்வான். அவன் சட்டையை அடுத்தவன் பிடிப்பான். ராட்-51 ஒவ்வொன்றுக்கும் ஒரு கையும் ஒரு சட்டை நுனியும் உண்டு. கை என்பது 86 முதல் 89 வரையுள்ள நான்கு அமினோ அமிலங்கள்: ஃபினைல்அலனைன், திரியோனைன், திரியோனைன், அலனைன். சட்டை நுனி என்பது அடுத்த ராட்-51-இன் மேல் உள்ள இரண்டு பள்ளங்கள். பெரிய பள்ளத்தில் ஃபினைல்அலனைனும் சின்னப் பள்ளத்தில் அலனைனும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பி.ஆர்.சி.ஏ-2-வின் நடுவில் ஏறத்தாழ ஒரே மாதிரியான பகுதி எட்டு முறை திரும்பத் திரும்ப வருகிறது. அதில் நான்காவதை எடுத்து, ராட்-51-ஓடு சேர்த்து, படிகமாக்கி, எக்ஸ் கதிர் படம் எடுத்தார்கள். லூகா பெலெக்ரினி, டாம் பிளண்டல், வெங்கிடராமன் முதலியோர் 2002-இல் வெளியிட்ட கட்டுரை அது. 1.7 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கம். அணு அணுவாகப் பார்க்கலாம். பார்த்தால், பி.ஆர்.சி.ஏ-2-வின் 1524 முதல் 1527 வரையுள்ள நான்கு அமினோ அமிலங்கள் அதே இரண்டு பள்ளங்களில் உட்கார்ந்திருந்தன. அவை ஃபினைல்அலனைன், ஹிஸ்டிடின், திரியோனைன், அலனைன். இரண்டாவது ஒன்றைத் தவிர அப்படியே ராட்-51-இன் கை. பி.ஆர்.சி.ஏ-2 ஆட்டத்துக்குள் அதே கையோடு வந்து, பையனின் சட்டையைப் பிடித்துவிடுகிறது. சட்டை அகப்பட்டபின் பின்னால் வரும் ராட்-51-க்குப் பிடிக்க இடமில்லை.

இங்கே மாணவர்கள் குழம்புவார்கள், குழம்பவும் வேண்டும். வரிசையைக் கலைக்கிற புரதம் எப்படிப் பழுது பார்க்க உதவும்? சோதனைக் குழாயில் அந்த நான்காம் பகுதியை மட்டும் தனியே வெட்டி நிறையப் போட்டால் ராட்-51 வரிசை கலைந்தே போகிறது. முழு பி.ஆர்.சி.ஏ-2-வைப் போட்டால் வரிசை நன்றாக அமைகிறது. முழுப் புரதத்தையும் கெடாமல் பிரித்தெடுப்பதே பெரும்பாடு. மரபணு கிடைத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, 2010-இல்தான் மூன்று குழுக்கள் தனித்தனியே அதைச் சாதித்தன. விடை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ராட்-51-க்கு ஒரு கெட்ட பழக்கம்: அறுபடாத இரட்டை இழை மேலும் அதே ஆசையோடு ஏறிவிடும். அங்கே ஏறிப் பயனில்லை. பி.ஆர்.சி.ஏ-2 பிடித்திருக்கும்போது அது இரட்டை இழைப் பக்கம் போவதில்லை. ஒற்றை இழையில் ஏறியபின் எளிதில் கழன்று விழுவதுமில்லை. வேண்டாத இடத்தில் தடுப்பதும் வேண்டிய இடத்தில் ஏற்றிவிடுவதும் ஒரே பிடியின் வேலை.

ஒற்றை இழையும் காலியாகக் காத்திருப்பதில்லை. ஆர்.பி.ஏ. என்ற புரதம் அதன் மேல் இறுக அமர்ந்திருக்கும். அதை எழுப்ப பி.ஆர்.சி.ஏ-2 தன்னோடு டி.எஸ்.எஸ்-1 என்ற துணையை அழைத்து வருகிறது. வெறும் 70 அமினோ அமிலம். மின்னூட்டத்தில் அது டி.என்.ஏ-வைப் போலவே பாவனை காட்டும். ஆர்.பி.ஏ. ஏமாந்து அதன் பக்கம் திரும்பும் நேரத்தில் ராட்-51 இழையில் ஏறிவிடும். மூவாயிரத்துக்கு மேல் அமினோ அமிலமுள்ள புரதம் எழுபது அமினோ அமிலக்காரரை நம்பி நிற்கிறது.

பிடிப்பதைப் பற்றி இவ்வளவு. விடுவதும் கண்காணிப்பில்தான் நடக்கிறது. பி.ஆர்.சி.ஏ-2-வின் கடைசிப் பகுதியில் ராட்-51-ஐப் பிடிக்க இன்னோர் இடம் உண்டு. அது ஒற்றை ராட்-51-ஐச் சட்டை செய்யாது. அமைந்துவிட்ட வரிசையை மட்டும் தாங்கிப் பிடிக்கும். அங்கே 3291-ஆவது இடத்தில் ஒரு செரீன் இருக்கிறது. செல் பிரியத் தொடங்கும் தறுவாயில் அந்த செரீனில் ஒரு பாஸ்பேட் ஏறும், பிடி விட்டுவிடும். லண்டனில் ஸ்டீபன் வெஸ்ட் குழு 2005-இல் இதைக் கண்டது. குரோமோசோம்கள் இரு பக்கமும் விலகப் போகும் நேரத்தில் ஓர் இழை மற்றதற்குள் நுழைந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குமுன் ஆட்டத்தை நிறுத்த ஒரு பாஸ்பேட் போதுமானதாக இருக்கிறது.

நகல் எடுக்கும் முன்புள்ள காலத்துக்கும் தனிப் பூட்டு உண்டு. பி.ஆர்.சி.ஏ-1-க்கும் பி.ஆர்.சி.ஏ-2-வுக்கும் நடுவில் நின்று இரண்டையும் சேர்ப்பது பால்பி-2. நகல் இல்லாத வேளையில் பால்பி-2-வின் பிடிக்கும் பகுதியில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் ஒட்டப்படுகிறது. ஒட்டியிருக்கும்வரை அது பி.ஆர்.சி.ஏ-1-ஐப் பிடிக்காது, சங்கிலி அங்கேயே அறுந்து கிடக்கும். நகல் எடுக்கத் தொடங்கியதும் இன்னொரு நொதி அந்த ஒட்டலைக் கழற்றிவிடும். டொராண்டோவில் 2015-இல் இதைக் கண்டவர்கள், முனையைச் சீவவும் வைத்து, இந்த ஒரு பிடியையும் திரும்பக் கொடுத்தபோது, நகல் எடுக்காத செல்லிலும் பிரதி பார்த்து எழுதும் வேலை நடந்தது.  தடுத்து வைத்திருந்த ஒரு பிடியை விடுவித்தார்கள், செயல் தொடங்கிவிட்டது.

இனி வீட்டுக்குள் வருவோம். பி.ஆர்.சி.ஏ-1 அல்லது பி.ஆர்.சி.ஏ-2 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதான பெண்களில் எண்பது வயதுக்குள் நூற்றுக்கு எழுபது பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும் என்று 2017-இல் வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. அது பெரும்பாலும் மேற்கத்தியக் குடும்பங்களை வைத்து எடுத்த கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். நம் பக்கம் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் ராஜ்குமார் குழுவினர் 2003-லேயே தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த மரபணுக்களைத் தேடிக் கட்டுரை எழுதினார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் குமரவேல் சோமசுந்தரம் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குறிப்பிட்ட பிழை நம் பெண்களிடம் அடிக்கடி வந்தது. பி.ஆர்.சி.ஏ-1-இன் தொடக்கத்திலேயே இரண்டு எழுத்து விடுபட்ட பிழை. 1,863 அமினோ அமிலம் வரவேண்டிய புரதம் 39-லேயே முடிந்துவிடும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் பிரசித்தமான பிழை அது. ஆனால் ஓர் இந்தியக் குடும்பத்தில் அது தனியாகவே தோன்றியது என்று 2007-இல் வந்த கட்டுரை காட்டுகிறது. யாரும் யாரிடமிருந்தும் வாங்கவில்லை.

பிடி இழந்த செல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. மருத்துவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பார்ப் என்ற நொதி ஓரிழை முறிவுகளைக் கவனித்துக்கொள்கிறது. மருந்து கொடுத்து அதை டி.என்.ஏ. மேலேயே சிக்கவைத்தால், நகல் எடுக்க வரும் நொதிக் கூட்டம் அதில் முட்டி ஈரிழை முறிவு ஆகும். ராட்-51 வரிசை அமையும் செல் பிழைத்துக்கொள்ளும். பி.ஆர்.சி.ஏ. இரண்டு பிரதியும் போன புற்றுநோய்ச் செல் சாகும். 2005-இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இதைக் காட்டின. 2014-இல் ஒலாபரிப் என்ற மருந்து அமெரிக்காவில் கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. புற்றுநோய்ச் செல் சும்மா இருக்குமா? சில செல்கள் பி.ஆர்.சி.ஏ-2 மரபணுவில் இன்னொரு துண்டை இழந்து, எழுத்து வரிசை மறுபடி நேராகிவிடுகிற மாதிரி ஆகிவிடுகின்றன. நடுவில் பெரும் பகுதி இல்லாமலே, முனைப்பகுதியைத் திரும்பப் பெற்ற அந்தக் குட்டைப் புரதம் மருந்தைத் தாங்கிவிடுகிறது. எட்டு பகுதிகளில் எத்தனை உண்மையில் தேவை என்ற கேள்வியை நோயே ஆய்வாளருக்குக் கொடுத்தது.

மறுபக்கம், 2002-இல் படத்தில் பார்த்தோமே, ஃபினைல்அலனைன் உட்காரும் பள்ளம்: அதிலேயே போய் உட்காரும் ஒரு சிறு மூலக்கூறை வெங்கிடராமனும் கேம்பிரிட்ஜ் வேதியியலாளர்களும் உருவாக்கி 2021-இல் வெளியிட்டார்கள். அது பள்ளத்தை அடைத்துவிட்டால் பி.ஆர்.சி.ஏ-2 ராட்-51-ஐப் பிடிக்க முடியாது. கதிர் கொடுத்த புற்றுநோய்ச் செல் கூடுதலாகச் சாகிறது. இது இன்னும் மருந்தாகவில்லை. புரதம் புரதத்தைப் பிடிக்கும் இடம் அகலமாகவும் வழவழப்பாகவும் இருக்கும், மருந்து அதில் நிற்காது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். நான்கு அமினோ அமிலங்களில் பிடியின் முக்கியப் பங்கு அடங்கியிருந்ததால்தான் இங்கே முடிந்தது.

வெங்கிடராமன் குழு 2017-இல் சொன்ன இன்னொன்றையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும். ஃபார்மால்டிஹைடும், குடித்த மதுவிலிருந்து உடம்பில் உண்டாகும் அசிட்டால்டிஹைடும் பி.ஆர்.சி.ஏ-2 புரதத்தைச் சிதைக்கின்றன. இரண்டு நல்ல பிரதி உள்ளவர் செல் சமாளித்துக்கொள்கிறது. ஒரு பிரதி மட்டுமே உள்ளவர் செல்லில் மிச்சம் போதாமல் போகிறது. ஆய்வகத்துச் செல்லில் கண்டது, மனிதர்களில் எவ்வளவு என்பது தனிக் கணக்கு. ஆனாலும் பரம்பரைப் பிழை உள்ளவர் மதுவைத் தொடாமலிருக்க இது ஒரு நல்ல காரணம்.

பரிசோதனை பற்றிக் கேட்பீர்கள். இரத்தத்தில் செய்யலாம். குறவஞ்சியில் சிங்கி கைபார்த்துச் சொன்ன குறி பலித்தே தீரும்; இந்தச் சோதனை அப்படிச் சொல்லாது. பிழை இருந்தும் நோயே வராமல் முதுமை கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சோதனைக்கு முன்னும் பின்னும் விவரம் தெரிந்த மருத்துவரோடு உட்கார்ந்து பேசவேண்டும். அப்படிப் பேசும்போது முதலில் வரும் கேள்வி, குடும்பத்தில் யாருக்கெல்லாம் இருந்தது என்பது. நம்மவர்கள் உடனே அம்மா, சித்தி, பெரியம்மா, ஆச்சி என்று அம்மா வழியை மட்டும் சொல்வார்கள். பெண்களுக்கு வரும் நோய், பெண் வழியில்தான் வரும் என்ற எண்ணம். பி.ஆர்.சி.ஏ-2 இருக்கும் 13-ஆம் குரோமோசோமும் பி.ஆர்.சி.ஏ-1 இருக்கும் 17-ஆம் குரோமோசோமும் அப்பாவிடமிருந்தும் சரிபாதி வருகின்றன. அப்பாவுக்கு ஒன்றும் இருக்காது, அல்லது வயதான பின் புராஸ்டேட் புற்றுநோய் வந்திருக்கும். மகளுக்கு அது வேறு உருவில் வரலாம். ஆகவே அத்தைமாரைக் கேளுங்கள், அப்பாவின் அம்மாவைக் கேளுங்கள். இன்னொன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொடுக்கும் வழக்கம் உள்ள நம் வீடுகளில், பி.ஆர்.சி.ஏ-2 பிழை உள்ள இருவர் இணைய வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அப்படி இணைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு, இரண்டு பிரதியும் பழுதாகும் வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு வருவது ஃபான்கோனி இரத்தசோகையின் கடுமையான ஒரு வகை; சிறு வயதிலேயே இரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் சிறுநீரகக் கட்டியும் வரும். மார்பகப் புற்றுநோய் உள்ள குடும்பத்தில் சொந்தத்தில் சம்பந்தம் பேசும்போது, ஜாதகத்தோடு இரண்டு வீட்டு அத்தைமார் சரித்திரத்தையும் ஒருமுறை எடுத்து வைத்துப் பாருங்கள்.